லெந்துக்கு ஒரு புத்தகம்

ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் அவசரம் கிடையாது. ஆனாலும் ஒரு சங்கீதத்தை வாசித்து முடிப்பதற்குள் கைப்பேசி நாலு முறை சிணுங்கிவிடுகிறது. சபைக் குழு, ஓய்வு பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு, குடும்பக் குழு என்று எல்லாவற்றிலும் பூப்படத்தோடு ஒரு வசனம். அதற்குக் கீழே ஒரு பிரசங்கக் காணொளி. அதற்கும் கீழே, "உடனே ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி. எல்லாம் நல்ல காரியங்கள்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், காலையில் வாசித்த சங்கீதம் எது என்று யாராவது கேட்டால் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் வயதுக்காரர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. "அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு வேதபுத்தகம், ஒரு கீர்த்தனைப் புத்தகம். அதை வைத்துக்கொண்டே நம் பாட்டி பரலோகம் போய்விட்டாள்" என்று யாராவது முடித்து வைப்பார்கள். பாட்டியைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் திருச்சபையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அளவுக்கு மீறிய எழுத்து என்பது நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை என்று தெரிகிறது. பிரசங்கி புத்தகத்தின் கடைசி அதிகாரத்திலேயே, புத்தகங்கள் பெருகிக்கொண்டே போவதையும் அதிகப் படிப்பு உடம்பைக் களைப்பாக்குவதையும் பற்றிய புலம்பல் இருக்கிறது. அச்சு இயந்திரம் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய புலம்பல் அது!

இந்தத் தொல்லை வந்தபோதெல்லாம் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். அவர்கள் செய்தவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வேண்டியதைத் தேடி எடுக்க ஒரு கருவி. மற்றொன்று, இவ்வளவு போதும் என்று சொல்ல ஓர் அளவு. கருவிகள் எல்லாம் இன்று நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. அளவு மட்டும் வந்து சேரவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

செசரியா நூலகம்

முதலில் செசரியாவுக்குப் போவோம். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு கொர்நேலியுவைச் சந்தித்த அதே கடற்கரைப் பட்டணம். 3-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓரிகன் என்ற பேரறிஞர் இருந்தார். பழைய ஏற்பாட்டுக்குப் பல கிரேக்க மொழிபெயர்ப்புகள் வழக்கத்தில் இருந்தன. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. எதை நம்புவது என்ற குழப்பம். ஓரிகன் அவற்றை எபிரெய மூலத்தோடு ஆறு பத்திகளாக அருகருகே எழுத வைத்தார். 'ஹெக்ஸாப்லா' என்பது அந்த மாபெரும் படைப்பின் பெயர். அதைப் பிரதி எடுக்கும் துணிச்சல்கூட அநேகமாக யாருக்கும் வரவில்லை, அவ்வளவு பெரிது.

அதே ஊரில் ஓரிகனின் நூல்களைப் பாதுகாத்த நூலகத்தில் வளர்ந்தவர் யூசேபியஸ். பின்னாளில் செசரியாவின் பேராயர். திருச்சபை வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதியவர். அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் நான்கு சுவிசேஷங்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த சம்பவம் நான்கிலும் இருக்கிறது. நல்ல சமாரியன் கதை லூக்காவில் மட்டும்தான். மத்தேயுவில் வாசிப்பதை மாற்கு எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க விரும்பும் ஒருவர், அதிகார எண்ணோ வசன எண்ணோ இல்லாத கையெழுத்துப் பிரதியில் எங்கே போய்த் தேடுவார்?

அதற்கு முன்பே இரண்டு பேர் வழி சொல்லியிருந்தார்கள். சீரியாவைச் சேர்ந்த தாசியான் நான்கு சுவிசேஷங்களையும் கலந்து ஒரே கதையாக ஆக்கினார். வாசிக்க வசதி. ஆனால் நான்கு சாட்சிகளின் குரலும் ஒன்றாகிப்போனது. அலெக்சாந்திரியாவின் அம்மோனியு என்பவர் மத்தேயுவை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றிலிருந்தும் ஒத்த பகுதிகளை வெட்டி அதன் பக்கத்தில் வைத்தார். இதில் மற்ற மூவரும் துண்டு துண்டானார்கள்.

யூசேபியஸ் சுவிசேஷங்களைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றையும் சிறு பகுதிகளாக எண்ணி, அந்த எண்ணை ஓரத்தில் எழுதினார். மத்தேயுவில் 355, யோவானில் 232 என்று போகிறது கணக்கு. அதன் கீழே சிவப்பு மையில் இன்னொரு எண். அது எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். புத்தகத்தின் தொடக்கத்தில் பத்து அட்டவணைகள். நான்கு சுவிசேஷங்களிலும் வருபவை முதல் அட்டவணையில். மூன்றில் வருபவை, இரண்டில் வருபவை அடுத்தடுத்து. ஒன்றில் மட்டும் வருபவை பத்தாவதில். கணக்கு வழக்கு பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை உடனே புரியும். பேரேடு பேரேடாகவே இருக்கிறது. குறிப்பெண் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டுகிறது. 586-இல் சீரிய மொழியில் எழுதப்பட்ட 'ரபுலா சுவிசேஷங்கள்' என்ற ஏட்டில் இந்த அட்டவணைகளைத் தூண்களும் பறவைகளும் செடிகளுமாக அலங்கரித்திருக்கிறார்கள். இன்றும் அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் யூசேபியஸின் எண்கள் ஓரத்தில் இருக்கின்றன.

தாசியானின் கலவை சீரியத் திருச்சபைகளில் நெடுங்காலம் ஓடியது. 5-ஆம் நூற்றாண்டில் தெயதோரேத் என்ற பேராயர் தம் பகுதியில் இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரும்பப் பெற்று, அவற்றுக்குப் பதிலாக நான்கு சுவிசேஷங்களைக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். மனதுக்கு வருத்தம் தரும் செய்திதான். புத்தகத்தை அப்புறப்படுத்துவது எப்போதும் நல்லதில்லை. ஆனால் அவருடைய கவலை புரிகிறது. சுருக்கத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு மூலத்தைத் திறக்க வேண்டும் என்றே தோன்றாது. முழு யோபு புத்தகத்தையும் ஐந்து நிமிடக் காணொளியில் பார்த்து முடிக்கும் காலத்தில் இருக்கிறோம். யோபின் நண்பர்கள் வாய் திறப்பதற்கு முன் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து மௌனமாக இருந்தார்கள். அதை எந்தக் காணொளியில் காட்டுவது?

மடத்தில் ஒரு கம்பளம்

அடுத்து அளவின் கதை. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்காக ஓர் ஒழுங்குமுறை எழுதினார். அதன் 48-ஆம் அதிகாரத்தில் ஒரு நாளின் வேலை நேரமும் வாசிப்பு நேரமும் வகுக்கப்பட்டிருக்கின்றன. லெந்து காலத்துக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. லெந்து என்றால் உயிர்ப்புப் பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு; கத்தோலிக்க நண்பர்கள் தவக்காலம் என்பார்கள். அதன் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு புத்தகம் கொடுக்கப்படும். அதை முதலிலிருந்து வரிசையாக, விடாமல் வாசிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் மூத்த துறவிகள் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, யாராவது வாசிக்காமல் அரட்டை அடித்து அடுத்தவரையும் கெடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். அரட்டைக் குழுவைக் கண்காணிக்கும் ஏற்பாடு அன்றைக்கே இருந்திருக்கிறது!

11-ஆம் நூற்றாண்டில் கான்டர்பரிப் பேராயர் லான்ஃபிராங்க் இதை இன்னும் விவரமாக வகுத்தார். லெந்தின் முதல் ஞாயிறுக்கு மறுநாள் நூலகப் பொறுப்பாளர் புத்தகங்களை ஒரு கம்பளத்தின்மேல் பரப்பி வைப்பார். போன ஆண்டு யார் எந்தப் புத்தகம் வாங்கினார் என்ற பட்டியல் உரக்க வாசிக்கப்படும். பெயர் கூப்பிடப்பட்டவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழுதாக வாசிக்காதவர் தரையில் விழுந்து குறையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு இந்த ஆண்டுக்கான ஒரு புத்தகம்.

புத்தகம் அரிது, தோல் விலை அதிகம், அதனால்தான் ஆளுக்கு ஒன்று என்று நினைக்கத் தோன்றும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இதில் ஒரு பயிற்சியும் இருந்தது. துறவிகள் வாசிப்பதை மாடு இரை மீட்பதோடு ஒப்பிட்டார்கள். மெல்ல உச்சரித்து, மறுபடி உச்சரித்து, வேலை செய்யும்போதும் அதையே மனதில் திருப்பிக்கொண்டிருப்பது. நம் தமிழில் இதற்கு எவ்வளவு பொருத்தமான சொல் இருக்கிறது: அசைபோடுவது. ஒரு விஷயத்தை அசைபோட்டேன் என்று சொல்லும்போது நமக்கும் அதே மாடுதான் நினைவுக்கு வருகிறது. முதல் சங்கீதத்தில் தியானம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் இருக்கும் எபிரெயச் சொல்லுக்கும் வாய்க்குள் முணுமுணுப்பது என்ற பொருள் உண்டு.

மாடு அசைபோட வேண்டுமானால் ஒரு கட்டத்தில் மேய்வதை நிறுத்திவிட்டு மர நிழலில் படுக்க வேண்டும். நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே இருந்தால் அசைபோடுவது எப்போது?

பாரிஸ் சகோதரர்கள்

13-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. நகரங்கள் வளர்ந்தன; பல்கலைக்கழகங்கள் வந்தன. 1216-இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்ற தோமினிக்கன் சபையின் வேலையே பிரசங்கம். மடத்துக்குள் ஆண்டுக்கு ஒரு புத்தகத்தை அசைபோடும் துறவிக்கு நேரம் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பவருக்கு, நாளைக் காலைக்குள் பொறுமையைப் பற்றி வேதத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அதற்குள் பாரிஸில் போதித்த ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் பரவத் தொடங்கியிருந்தன. பின்னால் கான்டர்பரிப் பேராயராகி, 1215-இல் மாக்னா கார்ட்டா ஒப்பந்தத்தில் முக்கியப் பங்கு வகித்த அதே லாங்டன்தான். இந்த அதிகாரங்களை வைத்துக்கொண்டு, பாரிஸின் புனித யாக்கோபு மடத்தில் செயிண்ட்-செர் ஊர்க்காரரான ஹ்யூ என்பவரின் தலைமையில் தோமினிக்கன் சகோதரர்கள் பலர் 1230-களில் ஒரு வேலையை முடித்தார்கள். லத்தீன் வேதாகமத்தின் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லும் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில், எந்தப் பகுதியில் வருகிறது என்று குறித்தார்கள். வசன எண் இல்லாத காலம் என்பதால், ஒவ்வொரு அதிகாரத்தையும் மனதால் ஏழாகப் பிரித்து முதல் ஏழு எழுத்துகளால் குறித்தார்கள். இதுதான் முதல் கன்கார்டன்ஸ். ஒத்தவாக்கிய அகராதி என்று நம் போதகர்களின் மேசையில் இருக்கும் தடித்த புத்தகத்தின் மூதாதை.

முதல் பதிப்பில் இடம் மட்டும் இருந்தது, வாக்கியம் இல்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அது சிரமம் என்று, ஆங்கிலேயச் சகோதரர்கள் சிலர் நீண்ட வாக்கியங்களோடு இரண்டாவது ஒன்றைச் செய்தார்கள். அது தூக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று வந்து நிலைத்தது. தகவலுக்குத் தீர்வாக வந்ததே தகவல் மூட்டையாவதும், பிறகு யாராவது அதைக் குறைப்பதும் அன்றைக்கே நடந்திருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்துதான் தமிழ் மாணவன் சொல் வளம் பெற்றான். 1732-இல் வீரமாமுனிவர் 'சதுரகராதி'யில் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். மனப்பாடம் இல்லாதவனும் திறந்து பார்த்துப் பொருள் அறியலாம் என்று ஆனது. பெரிய நன்மை. கூடவே, மனப்பாடம் செய்தவனின் நாவில் இருந்த சொல் இப்போது அலமாரிக்குப் போனது.

பாரிஸ் சகோதரர்களின் வேலையில் நான் மிகவும் மதிப்பது முகவரியை. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: தபால் வந்தால் முதலில் பதிவேட்டில் எண் போட்டு, யாரிடமிருந்து, எந்தத் தேதி, என்ன பொருள் என்று எழுதிய பிறகுதான் அது மேசைக்குப் போகும். கையெழுத்தும் விலாசமும் இல்லாத மொட்டைக் கடிதத்தின்மேல் பொதுவாக நடவடிக்கை கிடையாது. கன்கார்டன்ஸ் பிரசங்கிக்குக் கொடுத்தது அந்த ஒழுங்கைத்தான். இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் இடத்தைக் காட்டலாம். கேட்டவர் போய்ப் பார்க்கலாம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தைப் பார்த்துச் சரிபார்த்ததற்காகப் பாராட்டப்பட்டார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

வசன எண்ணும் வாக்குத்தத்த அட்டையும்

பிறகு அச்சு வந்தது. குட்டன்பர்க்கின் வேதாகமம் 1455-ஐ ஒட்டி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவில் ஏறக்குறைய 30,000 பதிப்புகள் வெளிவந்துவிட்டன. 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர், பாரிஸின் இறையியலாளர்களோடு ஒத்துப்போக முடியாமல் ஜெனீவாவுக்கு வந்து, அங்கே வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசன எண்களைப் போட்டார். கிரேக்கத்தையும் அதன் பக்கத்திலிருந்த இரண்டு லத்தீன் மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட அது வசதி. பயணத்தின்போதே அந்தப் பிரிவினையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். அந்த எண்களைத்தான் இன்று தமிழ் வேதாகமத்திலும் வாசிக்கிறோம்.

வசன எண் இல்லாமல் நம்மால் ஒரு ஆராதனையைக்கூட நடத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு வசனமும் தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய துண்டாகவும் அன்றே ஆகிவிட்டது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், பவுலின் நிருபங்களைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில், இப்படி நறுக்கி அச்சிடுவதால் வாசகன் சிந்தனைத் தொடர்ச்சியை இழந்துவிடுகிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார். கடிதத்தை முழுதாக ஒரே மூச்சில், பலமுறை வாசிக்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை.

நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம் அல்லவா? எரேமியா 29:11 யாருக்காவது வராமல் இருக்காது. சமாதானமும் நல்ல எதிர்காலமும் தரும் வசனம். அதற்கு ஒரு வசனம் முன்னால் போனால் எழுபது ஆண்டுகள் ஆகும் என்று இருக்கிறது. இன்னும் சற்று மேலே போனால், பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது என்று தெரிகிறது. அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் நாம் நினைக்கிற ஆறுதல் இல்லை. வேலை கிடைக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்துக் கண்ணீர் விடும் தாய்க்கு, அட்டையைவிட அந்த முழு அதிகாரம் அதிகம் தரும். இந்த ஆண்டே நடந்துவிடும் என்று நம்பி, நடக்காமல் போனபோது கடவுள் ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் அவளுக்கு வராது. துண்டாக வாசிப்பதால் வரும் நஷ்டம் இந்த இடத்தில்தான் கைக்கும் கண்ணுக்கும் தெரிகிறது.

மார்ட்டின் லூத்தர் அச்சு இயந்திரத்தால் வளர்ந்தவர். அவரே 1539-இல் தம் ஜெர்மன் நூல் தொகுப்பின் முன்னுரையில், என் புத்தகங்கள் மறைந்துபோனாலும் மகிழ்ச்சியே என்ற பொருளில் எழுதினார். புத்தகங்களைச் சேர்க்கச் சேர்க்க வேதம் தூசியில் கிடக்கிறது என்பது அவர் கவலை. வேதத்தை வாசிக்க மூன்று படிகளை அங்கே சொல்கிறார்: ஜெபம், தியானம், சோதனை. தியானம் என்றால் ஒருமுறை இருமுறை வாசித்துப் புரிந்துவிட்டது என்று மூடுவதில்லை. வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. சோதனை என்றால், படித்தது வாழ்க்கையின் கஷ்டத்தில் நிற்கிறதா என்று அனுபவத்தில் பார்ப்பது. கடைசிப் படி ஒரு செய்திக்கும் வேத வசனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறது. செய்தி நமக்குத் தெரிந்துவிட்டால் முடிந்தது. வசனம் தெரிந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது.

வெஸ்லியும் சீகன்பால்கும்

அப்படியானால் வேதத்தைத் தவிர மற்றதையெல்லாம் மூடி வைத்துவிடலாமா? அப்படிச் சொல்பவர்களுக்கு ஜான் வெஸ்லி நல்ல மருந்து. அவர் தம்மை ஒரே புத்தகத்துக்கு உரியவனாக இருக்க விரும்புகிறேன் என்று சொன்னவர். அதே வெஸ்லி 1749 முதல் 1755 வரை 'கிறிஸ்தவ நூலகம்' என்று 50 தொகுதிகள் வெளியிட்டார். நல்ல நூல்களைத் தாமே வாசித்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, சுருக்கி, குறைந்த படிப்புள்ள தம் பிரசங்கிகளுக்குக் கொடுத்தார். தினம் பல மணி நேரம் வாசிக்கச் சொன்னார். வேதம் மட்டும் போதும் என்ற பிரசங்கியிடம், அப்படியானால் நீ பவுலையும் மிஞ்சிவிட்டாய் என்றார். பவுலே சிறையிலிருந்து தீமோத்தேயுவிடம் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னவர் அல்லவா? ஒரு புத்தகத்தை நடுவில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கினால் ஐம்பதும் சுமையாக இருக்காது என்பதே வெஸ்லியின் வழி.

நம் கடற்கரையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். 1708-இல் தம்மிடம் இருந்த நூல்களைப் பற்றிக் குறிப்போடு ஒரு பட்டியல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களின் விவரம் அதில் இருக்கிறது. எது எதைப் பற்றியது, எது எவ்வளவு பயன் என்றெல்லாம் எழுதினார். அது தேடும் கருவி. அதே சமயம் தம் அன்றாட ஒழுங்கையும் கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலையில் கற்ற சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு நண்பகல் வரை ஒரு முதிய தமிழ்ப் புலவரின் துணையோடு வாசிப்பது. தாம் பேசவும் எழுதவும் பின்பற்ற நினைத்த ஆசிரியர்களைத் தெரிந்தெடுத்து அவர்களையே திரும்பத் திரும்ப வாசிப்பது. கிடைத்ததையெல்லாம் அவர் விழுங்கவில்லை. அந்த உழைப்பின் பலனாகத்தான் புதிய ஏற்பாடு 1714–15-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். குறைந்த வாழ்நாளில் அவ்வளவு செய்ய முடிந்ததற்கு அந்தத் தெரிந்தெடுத்தலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு

யூசேபியஸின் அட்டவணை, பாரிஸின் கன்கார்டன்ஸ், எஸ்தியேனின் எண், வெஸ்லியின் 50 தொகுதி எல்லாம் இன்று ஒரு விரல் தொடுதலில் கிடைக்கின்றன. இதற்காக நான் நன்றி சொல்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் வசதி ஒன்றுக்காகவே என் வயதுக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கருவிகளோடு கூடவே வந்த ஒழுங்குகளை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, முகவரி. ஆப்கானிஸ்தானில் மிஷனரிகள் நாளை கொல்லப்படப்போகிறார்கள், உடனே ஜெபியுங்கள் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த 'நாளை' எந்த ஆண்டின் நாளை என்று அதில் இருக்காது. ஜெபிப்பதில் என்ன தப்பு என்பார்கள். ஜெபத்தில் தப்பில்லை. பொய்யைப் பரப்புவதில் இருக்கிறது. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளைக்கு ஃபார்வர்டு பொத்தானில் விலக்கு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட செய்திகளை நம்பி நம்பி, உண்மையாகவே துன்பப்படுகிறவர்களைப் பற்றிய செய்தி வரும்போது நாம் அசட்டையாகிவிடுகிறோம். யார், எங்கே, எப்போது என்று இல்லாத செய்தி மொட்டைக் கடிதம். அது என் கைப்பேசியோடு நின்றுவிட வேண்டும்.

இரண்டாவது, முழுமை. வசனம் வந்தால் அதன் அதிகாரத்தைத் திறப்பது. ஐந்து நிமிடம் ஆகலாம். ஒரு நாளில் வரும் இருபது வசனங்களுக்கும் இதைச் செய்ய முடியாதே என்றால், இருபதில் ஒன்றுக்குச் செய்யலாம். மற்ற பத்தொன்பதையும் விட்டுவிடுவதில் பாவம் இல்லை. அனுப்பியவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் படித்திருக்க மாட்டார்!

மூன்றாவது, அளவு. இதுதான் கடினம். அன்றைக்கு ஒரு நூலகப் பொறுப்பாளர் கம்பளத்தை விரித்து, உனக்கு இது ஒன்று என்று கொடுத்தார். இன்று அப்படி யாரும் கொடுக்கப் போவதில்லை. நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட, இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது நல்லது. பெனடிக்ட்டின் மடத்தில்கூடச் சுற்றிவந்து பார்க்க ஆள் தேவைப்பட்டது.

எங்கள் ஓய்வு பெற்றோர் ஐக்கியத்தில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். வருகிற லெந்துக்கு ஆளுக்கு ஒரு புத்தகம். வேதாகமத்தின் 66-இல் ஒன்று. யோபு எடுப்பவர் யோபு. மாற்கு எடுப்பவர் மாற்கு. நாற்பது நாளும் அதே. மாற்கு 16 அதிகாரம்தான். உரக்க வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. விளக்க நூல் வேண்டுமானால் ஒன்று, காணொளி வேண்டாம். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுவாரம் கூடி, அவரவர் வாசித்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது. வாசிக்காதவர் தரையில் விழ வேண்டியதில்லை. எங்கள் முழங்கால்கள் அதற்கு ஒத்துக்கொள்ளாது. டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்று முடிவாகியிருக்கிறது. இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் எரேமியாவை எடுத்திருக்கிறேன்.